தட்டை இறக்கையும் பறக்கும்: வீட்டு விமானம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடையில் நீர் வற்றிய ஏரி. விடிந்தும் விடியாத வேளை. ஃபோம் போர்டில் தாங்களே வெட்டி ஒட்டிய விமானத்தோடு கல்லூரி மாணவர் மூவர் நின்றிருந்தார்கள். இறக்கை பலகைபோலத் தட்டையாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல்பக்கம் வளைவே இல்லையே தம்பி, இது எப்படி எழும்பும்?" என்று கேட்டார். மாணவர்களிடம் பதில் இல்லை. ஒருவன் எறிந்தான். விமானம் மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, பக்கவாட்டில் சரிந்து மண்ணில் விழுந்தது. பெரியவர் தலையை அசைத்துக்கொண்டே நகர்ந்தார்.

விமானம் விழும் என்று அவர் நினைத்தது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு. அந்த விமானத்தின் பேட்டரி இறக்கைக்கு அடியில், மிகவும் பின்னால் தள்ளி ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பிய்த்து மூக்குப் பக்கம் ஒட்டி, உடைந்த ஓரத்தை டேப்பால் சுற்றினோம். அதே தட்டை இறக்கை பத்து நிமிடம் பறந்தது.

பல வருடங்களாக இப்படிப்பட்ட காலைகளைப் பார்த்து வருகிறேன். வீட்டில் விமானம் செய்ய வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பணம் இல்லாததால் தோற்பதில்லை. எது முக்கியம் என்று தவறாக நம்பி, அந்த இடத்தில் உழைப்பைக் கொட்டுவதால்தான் தோற்கிறார்கள். அப்படி அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: இறக்கையின் மேற்புறம் வளைந்திருந்தால்தான் விமானம் எழும்பும்.

உண்மை: பட்டம் விட்டவர்கள் இதை நம்பவே கூடாது. மூங்கில் குச்சியில் ஒட்டிய தாளில் என்ன பெரிய வளைவு இருக்கிறது? சூத்திரக் கயிற்றைச் சரியாகக் கட்டினால் அது காற்றுக்குச் சாய்ந்து நிற்கிறது, மேலே ஏறுகிறது. சூத்திரம் பிசகினால் குட்டிக்கரணம் போடுகிறது. சாய்வுதான் விஷயம் என்பதைப் பட்டம் நமக்குச் சிறுவயதிலேயே சொல்லிவிட்டது.

பள்ளியில் பலரும் படித்த விளக்கம் ஒன்று உண்டு. மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையில் சேர வேண்டியிருப்பதால் அது விரைகிறது என்பார்கள். அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்குக் கிடையாது. காற்றுச் சுரங்கத்தில் புகைக் கோடுகளை விட்டுப் பார்த்தால், மேலே போகும் காற்று கீழ்க்காற்றுக்கு முன்பாகவே பின்முனையைத் தாண்டிவிடுவது தெரியும். வளைவு மட்டுமே தூக்குகிறது என்றால் சாகச விமானங்கள் தலைகீழாகப் பறக்கவும் முடியாது.

இறக்கை செய்யும் வேலை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புவது. அதற்கு எதிர்வினையாக இறக்கை மேலே தள்ளப்படுகிறது. மேற்புறத்தில் அழுத்தம் குறைவதும் கீழ்ப்புறத்தில் கூடுவதும் இதே நிகழ்வின் இன்னொரு முகம். தட்டைப் பலகையைக் காற்றுக்குச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் இதெல்லாம் நடக்கும். அந்தச் சாய்வுக்குத் தாக்குகோணம் என்று பெயர்.

எவ்வளவு சாய்வு வேண்டும்? ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள தட்டை இறக்கை, 500 கிராம் விமானம், நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி வருகிறது. 1804-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஜார்ஜ் கேலி ஒரு மாதிரி கிளைடர் செய்தார். ஒரு கோல், அதன்மேல் 6 டிகிரி சாய்வில் ஒரு தாள் பட்டம், பின்னால் சிலுவை வடிவ வால், முன்னால் நகர்த்தி வைக்கக்கூடிய ஓர் எடை. அவ்வளவுதான். இன்று நாம் செய்யும் தட்டை விமானத்தின் மூதாதை அதுவே. அந்த நகரும் எடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் அதனிடம் வருவோம்.

நம்பிக்கை: அப்படியானால் வளைவு வீண். தட்டையே போதும்.

உண்மை: ஒரு தவறைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கத் தவறில் விழக் கூடாது. வளைவுக்குப் பலன் உண்டு. தட்டை இறக்கையில், சாய்வு எட்டுப் பத்து டிகிரியை நெருங்கும்போதே காற்று மேற்புறத்தை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை வளர்வது நின்றுவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். மேலே சொன்ன அதே விமானம் தட்டை இறக்கையோடு மணிக்கு 27 கி.மீ. அளவில் ஸ்டால் ஆகும் என்றால், மெல்லிய வளைவு கொடுத்த இறக்கையோடு 22 கி.மீ. வரை தாங்கும். கற்றுக்கொள்பவருக்கு அந்த 5 கி.மீ. பெரிய வரம். மோட்டாரை நிறுத்திய பிறகு மிதந்து வரும் தூரமும் வளைந்த இறக்கைக்கு அதிகம்.

ஆனால் பெரிய விமானத்தின் தடித்த இறக்கையைச் சிறிதாக்கி நகலெடுப்பது விடை ஆகாது. சின்ன இறக்கைக்கு, மெதுவான வேகத்தில், காற்று பிசுபிசுப்பான பொருள்போல நடந்துகொள்கிறது. ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் மாதிரி விமான இறக்கைகளைச் சோதித்து 1942-இல் ஒரு நூல் வெளியிட்டார். அளவும் வேகமும் ஒரு வரம்புக்குக் கீழே போனால் தடித்த இறக்கையின் தூக்குவிசை சட்டென்று சரிகிறது, மெல்லிய பலகைக்கு அந்தச் சரிவு இல்லை என்று அவர் காட்டினார். அவர் சோதித்தவற்றுள் சின்ன அளவுக்குச் சிறந்து நின்றது மெல்லிய, லேசாக வளைந்த பலகை.

எனவே முதல் விமானத்துக்குத் தட்டை இறக்கை தாராளம். வெட்டுவது எளிது, உடைந்தால் அரைமணியில் இன்னொன்று. உள்ளரங்கச் சாகசப் பறத்தலுக்கு உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் எஃப்3பி பிரிவில், தட்டை இறக்கை விமானங்களைக் கைதேர்ந்தவர்களும் ஓட்டுகிறார்கள். அடுத்த விமானத்துக்கு ஃபோம் தகட்டை லேசாக வளைத்து ஒட்டிப் பாருங்கள். வித்தியாசம் கையில் தெரியும்.

நம்பிக்கை: விமானத்தின் எடையைவிட மோட்டாரின் இழுவிசை அதிகமாக இருக்க வேண்டும்.

உண்மை: செங்குத்தாக மேலே ஏற வேண்டுமானால் சரி. மட்டமாகப் பறக்கத் தேவையில்லை. எடையைச் சுமப்பது இறக்கை. காற்றின் தடையை வெல்வது மட்டுமே மோட்டாரின் வேலை. தட்டை இறக்கை விமானத்திலும் அந்தத் தடை எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். போயிங் 747 விமானத்தின் நான்கு எஞ்சின்களையும் கூட்டினாலும், முழுச் சுமையோடு கிளம்பும்போது அவற்றின் உந்துவிசை எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் பயிற்சி விமானத்துக்கு எடையில் பாதி இழுவிசை இருந்தால் நிம்மதியாக ஏறும்.

தேவைக்கு மேல் இழுவிசை வைத்தால் என்ன நடக்கிறது? கனமான மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பெரிய ஈஎஸ்சி, அதற்குப் பெரிய பேட்டரி, இவை அனைத்தையும் தாங்கத் தடித்த உடல். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கேட்கும். வேகமாகப் பறந்தே ஆக வேண்டிய விமானம் கடைசியில் கையில் இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு அது பொருந்தாது.

நம்பிக்கை: பழைய பொம்மைக் காரின் மோட்டாரும் நான்கு பென்சில் செல்லும் போதும்.

உண்மை: இது எதிர்முனையில் நிற்கும் ஆசை. பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 200 வாட் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 500 கிராமுக்கு 100 வாட். ஒரு பென்சில் செல்லிலிருந்து உருப்படியாக எடுக்க முடிவது ஏறக்குறைய 2 வாட். அப்படியானால் 50 செல் வேண்டும். ஒரு செல் சுமார் 23 கிராம். செல்களின் எடையே ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

மூன்று செல் கொண்ட 1000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் (லிப்போ) பேட்டரி 100 கிராமுக்கும் குறைவாக இருந்துகொண்டு, அந்த 100 வாட்டை எளிதாகக் கொடுக்கும். எடைக்கு எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்பதில் உள்ள இந்த வேறுபாடுதான் மின்சார மாதிரி விமானங்களை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. பொம்மை மோட்டாரில் உங்கள் பிள்ளைகள் தோற்றிருந்தால், பிழை அவர்கள் கைவேலையில் இல்லை என்று சொல்லித் தேற்றுங்கள்.

நம்பிக்கை: கேவி எண் கூடக்கூட மோட்டாரின் பலமும் கூடும்.

உண்மை: கேவி என்பதைக் கிலோவோல்ட் என்று படிப்பவர்கள்கூட உண்டு. சுமை எதுவும் இல்லாதபோது, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அந்த எண். 1000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் சுமையின்றி 11,100 சுற்று. 2200 கேவிக்கு 24,000-க்கும் மேல். இது பலத்தின் அளவு கிடையாது, சைக்கிளின் கியர் போன்றது.

ஒரே அளவு மோட்டார் இரண்டு கேவியில் கிடைக்கும்போது ப்ரொப்பெல்லரும் மாற வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 2212 மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 கேவி என்றால் மூன்று செல் பேட்டரியோடு 10 அங்குல ப்ரொப்பெல்லர். 2200 கேவி என்றால் 6 அங்குலம். ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுழற்சி வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயர்கிறது. 10 அங்குலத்தை அப்படியே 2200 கேவியில் மாட்டினால், அதே கணக்குப்படி அது பத்து மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். மோட்டாரால் கொடுக்க முடியாது. சுருள் கருகும், அல்லது ஈஎஸ்சி புகையும்.

மெதுவான தட்டை விமானத்துக்குப் பெரிய ப்ரொப்பெல்லர் நிதானமாகச் சுற்றுவதே நல்லது. நிறைய காற்றை மெல்லத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். நின்ற நிலையில் ஒரே இழுவிசைக்கு, 6 அங்குல ப்ரொப்பெல்லர் 10 அங்குலத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு சக்தி கேட்கும் என்கிறது இயற்பியல்.

எந்த ப்ரொப்பெல்லர் ஆனாலும் ஒரு விதி மாறாது. மேசையில் இணைப்புகளைச் சோதிக்கும்போது அதைக் கழற்றி வையுங்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் அதன் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். ப்ரொப்பெல்லரோடு அதைச் சோதித்துப் பார்த்து விரல் கிழிந்தவர்களை நான் அறிவேன்.

நம்பிக்கை: பேட்டரியை இரட்டிப்பாக்கினால் பறக்கும் நேரமும் இரட்டிப்பாகும்.

உண்மை: பேட்டரி இல்லாமல் 400 கிராம் உள்ள விமானத்தில், 100 கிராம் எடையுள்ள 1000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 4000 ஆக்குகிறோம். மின்சாரம் நான்கு மடங்கு. பேட்டரி 400 கிராம், மொத்தம் 800. பறக்கத் தேவையான சக்தி, எடையின் ஒன்றரைப் படிக்கு ஏற்ப உயர்வதால், இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. ஆக நான்கு மடங்கு பேட்டரிக்கு இரண்டு மடங்கு நேரம்தான் கிடைக்கும்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். ஸ்டால் வேகம் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. எடையும் வேகமும் சேர்ந்து கூடியதால், தரையில் மோதும்போது உள்ள ஆற்றல் இரண்டரை மடங்கு. 500 கிராம் விமானம் விழுந்தால் டேப்போடு முடிந்துவிடும் சேதம், 800 கிராமில் மூக்கையே நொறுக்கும். சின்ன பேட்டரி மூன்றை வாங்கி மாற்றி மாற்றிப் பறப்பது புத்திசாலித்தனம். ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் மோட்டாருக்கும் ஓட்டியவருக்கும் ஓய்வு கிடைக்கும்.

லிப்போவைப் பற்றி இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. கைப்பேசி பேட்டரிபோல அதையும் காலியாகும்வரை ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெடும். சில நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். 1000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு ஒரு ஆம்பியரில், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில் சார்ஜ் செய்யுங்கள். ஆளில்லாத அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். லிப்போ பற்றிக்கொண்டால் வீட்டுத் தண்ணீரால் எளிதில் அடங்காத தீ அது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் சமரசம் வேண்டாம்.

நம்பிக்கை: மொத்த எடை குறைவாக இருந்தால் போதும், எது எங்கே இருந்தால் என்ன?

உண்மை: ஏரியில் விழுந்த அந்த விமானத்தின் கதை இதுதான். எடை மையம் எங்கே விழுகிறது என்பதே விமானம் பறக்குமா என்பதை முடிவு செய்கிறது. தட்டை இறக்கையில் தூக்குவிசை முன்விளிம்பிலிருந்து நான்கில் ஒரு பங்கு தூரத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். வால் உள்ள விமானத்துக்கு எடை மையம் அதன் அருகிலேயே இருக்கட்டும். 20 செ.மீ. அகல இறக்கையில் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. வாலே இல்லாத பலகை விமானம் என்றால் இன்னும் முன்னால், 3 முதல் 4 செ.மீ.க்குள். 

மையம் பின்னால் போனால், காற்று ஒருமுறை மூக்கைத் தூக்கிவிட்டதும் அதைத் திரும்பக் கீழே கொண்டுவர எதுவும் இருக்காது. தூக்கிய மூக்கு இன்னும் தூக்கும், ஸ்டால் ஆகும், விழும். ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கை போதாது. மையம் முன்னால் இருந்தால் விமானம் சோம்பலாகத் திரும்பும், கொஞ்சம் வேகமாக இறங்கும். ஆனாலும் கைக்கு அடங்கும். சந்தேகம் வந்தால் முன்னால் வையுங்கள்.

வாலில் சேரும் ஒவ்வொரு கிராமும் விலை உயர்ந்தது. மையத்துக்கு 60 செ.மீ. பின்னால் ஒரு கிராம் பசை கூடினால், 20 செ.மீ. முன்னால் மூன்று கிராம் வைத்துத்தான் சரிசெய்ய முடியும். வாலை மெல்லியதாக வெட்டுங்கள், அங்கே பசையைக் கொட்டாதீர்கள். மூக்கில் ஈயம் சேர்ப்பதற்கு முன்னால் பேட்டரியை நகர்த்திப் பாருங்கள். கேலி தன் கிளைடரின் முன்பக்க எடையை நகர்த்தும்படி வைத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பசையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஃபெவிக்விக் வகைப் பசை தெர்மோகோலைக் கரைத்துத் துளைபோட்டுவிடும். சூடு அதிகமான குளூ கன்னும் அதை உருக்கும். இறக்கையின் குறுக்கே மூங்கில் சிலாகை ஒன்றைப் பதித்து ஒட்டினால், சில கிராம் எடையில் நல்ல விறைப்பு கிடைக்கும். பட்டம் கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது.

நம்பிக்கை: விமானம் கீழே இறங்கினால் எலிவேட்டரை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

உண்மை: முதல் நாளில் எல்லோர் கையும் இதைத்தான் செய்யும். வாலில் அசையும் தகடான எலிவேட்டரை இழுத்தால் அது மூக்கைத் தூக்குகிறது, சாய்வைக் கூட்டுகிறது, வேகத்தைக் குறைக்கிறது. ஏற்கெனவே மெதுவாகப் பறக்கும் விமானத்தில் இதைச் செய்தால் ஸ்டாலுக்கு நாமே வழி திறக்கிறோம். நீடித்த ஏற்றத்தைக் கொடுப்பது மோட்டார். விமானம் தளர்ந்து இறங்கினால் முதலில் த்ராட்டிலைக் கூட்டுங்கள், மூக்கு சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், வேகம் வந்ததும் மெல்ல இழுங்கள்.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரான் இல்லாமல் விமானம் திரும்பாது என்ற எண்ணமும் தேவையில்லை. இறக்கையின் இரு முனைகளையும் மேல்நோக்கி மடித்துவிட்டால், வாலின் செங்குத்துத் தகடான ரடரும் எலிவேட்டரும் மட்டுமே போதும். அவற்றை அசைக்கும் 9 கிராம் சர்வோ மோட்டார் இரண்டில் முழு விமானமும் அடங்கிவிடும்.

நம்பிக்கை: ரேடியோ ஒரு கிலோமீட்டர் எட்டுமென்றால் ஒரு கிலோமீட்டர் ஓட்டலாம்.

உண்மை: எல்லை ரேடியோவில் இல்லை, கண்ணில் இருக்கிறது. 115 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் இறக்கை முழுநிலவின் அகலத்தில் தெரியும். 300 மீட்டரில் அதில் பாதிகூட இல்லை. விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே தெரியாமல் போகும். இறக்கையின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் ஃபெயில்சேஃப் அமைத்து, தரையிலேயே டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

நம்பிக்கை: விளையாட்டுப் பொருள்தானே, சட்டம் எதுவும் இதைத் தொடாது.

உண்மை: இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்தையும் கணக்கில் எடுக்கின்றன. கண்பார்வைக்குள், கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ ஓட்டும் மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரை, வணிக நோக்கமின்றி ஓட்ட உரிமமும் வேண்டாம். ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடி வரை. அதற்கும் அருகில் அனுமதி இல்லாமல் கூடாது. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் உள்ளவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, பதிவு பற்றிய விதிகளையும் தெரிந்துகொண்ட பிறகே திடலுக்குப் போக வேண்டும்.

இத்தனையிலும் திரும்பத் திரும்ப வந்தது எடை. எவ்வளவு எடை, அது எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே. அதனால் முதல் விமானம் செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மோட்டாருக்கு முன்னால் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். ஃபோம் தகட்டையும் சர்வோவையும் பேட்டரியையும் வெட்டுவதற்கு முன்பே நிறுத்து எழுதி வையுங்கள்.

விமானம் முடிந்ததும், பேட்டரியை அதன் இடத்தில் வைத்து, இறக்கையின் அடியில் குறித்த இடத்தில் இரண்டு சுட்டுவிரல் நுனிகளால் தாங்கிப் பாருங்கள். மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். பிறகு புல் தரையில், காற்றுக்கு எதிராக, மோட்டாரை இயக்காமல் தோள் உயரத்திலிருந்து மெல்ல எறியுங்கள். நேராக வழுக்கிப் போய் வயிற்றால் தரை தொட்டால் அது பறக்கும். இறக்கையில் வளைவு இல்லையே என்று யாராவது கேட்டால், விமானத்தை அவர் விரல்களில் வைத்துக் காட்டுங்கள்.